வீட்டில் ஒரு புராஜெக்ட் கார்: எதில் தொடங்குவது, எதைக் கடைசியில் தொடுவது

வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வதற்கென்று பழைய காரை (இதைத்தான் புராஜெக்ட் கார் என்பது) வாங்கிய வாரமே சீட், டாஷ்போர்டு, பம்பர், என்ஜின் என்று ஒன்று விடாமல் கழற்றிப் போடுவார்கள். அப்புறம் எது எங்கே மாட்ட வேண்டியது என்று தெரியாமல் போர்வை போட்டு மூடிவிடுவார்கள். புராஜெக்ட் கார்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழுது பெரியதாக இருந்தது என்பதெல்லாம் பிறகு சொல்லப்படும் சமாதானம்.

அதனால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு அமைப்பு. பிரேக்கைப் பிரித்தீர்களா, பிரேக்கை முடித்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, ஒரு அடி உருட்டிப் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். நகரக்கூடிய நிலையில் இருக்கும் வண்டியில் ஆர்வம் குறைவதில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

முதல் வண்டிக்கு அபூர்வமான மாடல் வேண்டாம். அதிக எண்ணிக்கையில் விற்ற, உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கிற, ஒர்க்ஷாப் மேனுவல் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள். தினமும் வேலைக்குப் போய்வர இந்த வண்டியையே நம்பியிருந்தால், திங்கட்கிழமை காலைக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் தப்பும் தவறுமாக மாட்டுவீர்கள். போக்குவரத்துக்கு வேறு வழி இருக்கும்போதுதான் இதில் இறங்க வேண்டும்.

"எல்லா பாகமும் பெட்டியில் இருக்கிறது, மாட்டினால் போதும்" என்று யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெட்டியில் எது இல்லை என்பது கடைசியில்தான் தெரியவரும்.

என்ஜினைவிட பாடியைக் கூர்ந்து பாருங்கள். கெட்ட என்ஜினுக்குப் பதில் இன்னொன்றை இறக்கி வைத்துவிடலாம். துரு தின்ற பாடிக்கு அப்படி எளிய மாற்று இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, சக்கர வளைவின் உட்புறம், பேட்டரித் தட்டின் அடி, தரைவிரிப்புக்குக் கீழே இருக்கும் தகடு, சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள் ஆகியவற்றைக் குனிந்து படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். சிறு காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை என்றால் அங்கே பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது. பதிவு ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

இடமும் கருவியும்

கெட்டியான, சமமான கான்கிரீட் தரைதான் தேவை. மண் தரையிலும், வெயிலில் இளகும் தார்த் தரையிலும் ஜாக் ஸ்டாண்டு மெல்லப் புதையும். வேறு வழியே இல்லை என்றால் தடித்த பிளைவுட் பலகையை அடியில் வையுங்கள்.

ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டுமே. தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியின் சீல் எந்த நொடியிலும் விட்டுப்போகலாம், அதை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு மேல் இறக்கி, அடியில் போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி இறக்கி ஏற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை சில்லுக்கு அடியில் படுக்க வைப்பது நல்ல பழக்கம்.

மூடிய கராஜில் என்ஜினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மயங்கும்வரை தெரியாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கருவிப் பட்டியலை நீட்ட வேண்டியதில்லை. 8 முதல் 19 மி.மீ. வரை ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், நீண்ட கைப்பிடி ஒன்று, மல்டிமீட்டர், குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் போதும். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும்; பன்னிரண்டு முனை உள்ளது துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். டார்க் ரெஞ்சால் கழற்றாதீர்கள், இறுக்க மட்டும் பயன்படுத்துங்கள். கிளிக் வகை என்றால் வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். சிறிய, நடுத்தரக் கார்களில் சக்கர நட்டுக்குப் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வரும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் போன் கேமராவில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி வையுங்கள். என்ஜினின் ஒரே மூடியில் நீளம் வேறுபட்ட போல்ட்டுகள் இருந்தால் அட்டையில் அந்த மூடியின் படத்தை வரைந்து அதனதன் இடத்தில் குத்தி வைப்பது இன்னும் நல்லது. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கினால் அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டுவிடும்.

வராத போல்ட்

பழைய வண்டியில் நேரத்தைத் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் நாள் மாலையே மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். மறுநாள் காலை மறுபடி ஒரு முறை. பிறகு சாக்கெட்டை முழுதாக அமர்த்தி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் தள்ளுங்கள். துருவின் பிடி உடைவதற்கு அது போதும். அப்புறம் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே கொஞ்சம், மறுபடி வெளியே. ஒரே மூச்சில் இழுத்தால் மரை செத்துப்போகும்.

கைக்கு வரும் உணர்வைக் கவனியுங்கள். நல்ல போல்ட் டக்கென்று விடும். ரப்பர் போல இழுபட்டுக்கொண்டே வந்தால் அது முறுகி உடையப் போகிறது, உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் சூடுதான் வழி: போல்ட்டைவிட நட்டைச் சூடாக்கினால் நட்டு விரிந்து பிடியைத் தளர்த்தும். எண்ணெயை முதலில் துடைத்துவிட வேண்டும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

இன்னொன்று. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் செய்தாலோ நெருப்புக் காட்டினாலோ பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகும். டப்பாவைப் படித்து, குளோரின் இல்லாத வகையாக வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

நெடுநாள் நின்ற என்ஜினை எழுப்புவது

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வற்றியிருக்கும், டேங்கில் இருப்பது பெட்ரோலே இல்லை. பெட்ரோல் என்ஜினுக்கு வரிசை இது:

1. டேங்கிலுள்ள பழைய எரிபொருளை முழுதாக வடித்துவிடுங்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். வார்னிஷ் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். எரிபொருள் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

2. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்தது போன்ற நிறம் இருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். அந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். இல்லையென்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

3. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, என்ஜின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகியிருந்தால் வலுவைக் காட்டாமல் இன்னும் சில நாள் ஊறவிடுங்கள்.

4. டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓட வைக்கும் பெல்ட்) உள்ள என்ஜின் என்றால், எப்போது மாற்றினார்கள் என்ற ஆதாரம் இல்லாதவரை மாற்ற வேண்டியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஓடாமலே கிழடாகும். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளைந்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டிலேயே சுற்றினால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள். மறுபடி அவ்வளவையும் பிரிக்க வேண்டாமே.

5. பிளக் மாட்டாமல், இக்னிஷனையும் எரிபொருள் பம்ப்பையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு இயக்குங்கள். பிளக் துளை மேல் துணி போடுங்கள், ஊற்றிய ஆயில் பீறிட்டு வரும்.

6. இனி பிளக்கை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். ஓடியதும் முதல் பார்வை ஆயில் விளக்கில் இருக்கட்டும். சில நொடிகளில் அணையவில்லை என்றால் நிறுத்துங்கள். அடுத்த பார்வை எரிபொருள் குழாய்களில். காய்ந்த ரப்பர் அழுத்தம் வந்தவுடன் கசியும்.

முதல் சில நிமிடப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஊற்றிய ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு என்றால் எரிபொருள் அதிகம், இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை தொடர்ந்தால் கூலன்ட்.

என்ஜினின் உடல்நிலை தெரிய, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் மலிவான வழி. சூடான என்ஜினில் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு மேல். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

16 பின் ஓபிடி சாக்கெட் (வண்டியின் கணினியோடு இணையும் இடம்) உள்ள வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். ஆனால் குறியீடு சொல்வது அறிகுறியை. பி0171 வந்தால் எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று என்று பொருள். அதற்காக ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாட்டுகிறவர்கள் நிறைய. விரிசல் விட்ட வேக்குவம் குழாய் ஒன்று அங்கேயே சீறிக்கொண்டிருக்கும்.

பிரேக்: முதல் பெரிய வேலை

என்ஜின் ஓடுகிறது என்று தெரிந்ததும் ரோட்டில் இறக்கத் தோன்றும். அதற்கு முன் பிரேக். எப்படி ஓடுகிறது என்பதை நிற்கத் தெரிந்த பிறகு பார்க்கலாம்.

ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் மாட்டியபடியே இருந்தால் எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். டிரம் பிரேக்குக்கு இதைவிட நல்ல மேனுவல் கிடையாது. பழைய பேடிலும் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் ஈரமாக்கித் துடையுங்கள். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேட், டிஸ்க், ஷூ எதை மாற்றினாலும் அந்த ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ரப்பர் பிரேக் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அழுத்தி மிதிக்கும்போது திரவம் போகும், விட்டால் திரும்பாது. பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே இருந்தால் காலிப்பரைக் குறைசொல்லும் முன் குழாயை மாற்றுங்கள். பழைய வண்டியில் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4இன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த குறைந்த அளவு 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைக்குப் போகும். ஆகவே பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் குடும்பம். திரவம் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் பாகம்) அதிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். சில வண்டிகளில் வரிசை வேறு, ஏபிஎஸ் உள்ள சிலவற்றுக்கு ஸ்கேனரும் தேவை, மேனுவலைப் பாருங்கள். சக்கரத்தின் பிரேக்கில் காற்று வெளியேற்ற உள்ள நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழ் வராமல், திரவம் தெளிவாக வரும்வரை இதுவே. மாஸ்டர் சிலிண்டர் மேலே உள்ள திரவ டப்பா காலியாகவே கூடாது, காலியானால் முதலிலிருந்து. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம், அடியில் பலகைத் துண்டு போடுங்கள். சீல் இதுவரை போகாத, துருவேறிய பகுதிக்குள் போய்க் கிழிந்துவிடும்.

பேட் மாற்றியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வர அதுதான் வழி. மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

ஒயரிங்கும் கூலிங்கும்

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்தே ஸ்டீயரிங், டாஷ்போர்டு பக்கம் போக வேண்டும். ஏர்பேக் கனெக்டரில் மல்டிமீட்டர் வைக்கவே வைக்காதீர்கள்.

நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பழைய வண்டியின் விசித்திரமான மின்கோளாறுகளில் பாதிக்குமேல் எர்த் (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் என்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு) சரியில்லாததால் வருகிறது என்பது என் கணிப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கூடுதல் விளக்கு மாட்டுவது எல்லோருக்கும் முதல் ஆசை. 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட், 12ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குமேல். அதை டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேரடியாக ஓட்டக் கூடாது, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலே வேண்டும். 2.5 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல. எனவே பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

கூலிங் சுலபம். பழைய கூலன்ட்டை வடித்துக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் விரிசல் கண்ட குழாய்களையும் மாற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வடித்த கூலன்ட் இனிக்கும், நாய் பூனை குடித்தால் செத்துவிடும். திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள்.

துருவும் பெயின்ட்டும்

மேலோட்டமான துரு என்றால் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் எஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, பிரைமர் அடிக்கலாம். ஓட்டை விழுந்தது என்றால் நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்ட் செய்வதே சரி. மேலே பட்டி பூசினால் உள்ளே துரு நிம்மதியாக வேலை செய்யும். சில், சஸ்பென்ஷன் மவுன்ட், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களில் வெல்டிங் கற்றுக்கொள்ள வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். எரிபொருள் டேங்க் பக்கத்தில் பொறி பறக்கும் வேலையே கூடாது. காலி டேங்க்கில் நிற்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து.

பெயின்ட்டுக்கான தயாரிப்பை நீங்களே செய்யலாம்: 80 உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று ஏறுங்கள். ஹார்டனர் கலக்கும் இரட்டைப் பெயின்ட்டை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட்டைச் சாதாரணத் துணி மாஸ்க் தடுக்காது, நுரையீரல் கெடும்.

மாற்றங்கள்: வரிசை மாறக் கூடாது

டயர், பிரேக், சஸ்பென்ஷன், அப்புறம்தான் பவர்.

பெரிய சக்கரம் போடும் முன் கணக்குப் போடுங்கள். 195/65 ஆர்15 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம்: 381 + (2 × 126.75) = 634.5 மி.மீ. இதற்குப் பதில் 205/50 ஆர்17 போட்டால் 431.8 + (2 × 102.5) = 636.8 மி.மீ. ஏறக்குறைய அதே விட்டம், ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. ஆனால் விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) மூன்றும் பொருந்த வேண்டும்; டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்தே ஓட்டுங்கள்.

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் வெட்டாதீர்கள். அதற்கென்று செய்த ஸ்பிரிங்கும் ஒத்த ஷாக்கும் வாங்குங்கள். ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கை எடுக்க அதை அழுத்திப் பிடிக்கும் நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் எலும்பு உடையும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பலர் விடும் தவறு இது. முடித்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

பவருக்கு வருவோம். டர்போ இல்லாத என்ஜினில் ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். டர்போ என்ஜினில் ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) டியூனிங்கால் நிஜமான வித்தியாசம் கிடைக்கும், கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அதைத் தாங்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு மிதியில் அதைவிடப் பெட்ரோல் கூடுதலாகவே கொடுப்பார்கள். அங்கே பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வந்து பிஸ்டன் உருகும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி அளக்காமல் யார் டியூன் செய்தாலும் நம்பாதீர்கள்.

மாற்றங்களுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் குற்றம். என்ஜின் மாற்றினால் பதிவு ஆவணத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழியுண்டு. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.